வேலை நடுவில் அறுபட்டாலும் விட்ட இடம் தொலையாமல் இருக்க

யாங்கோனில் உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றில் டாகுமென்ட் மேசையில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மாலை ஆறு வரை ஓய்வில்லை. ஆனாலும் ஒரு செட் பேப்பர்கூட அன்றைக்கே முழுதாக முடிவதில்லை. வைபர் (செய்தியும் அழைப்பும் வரும் போன் செயலி) விடாமல் அடிக்கிறது, முதலாளி கூப்பிடுகிறார், கரண்ட் போகிறது. போன மாதம் ஒரு கன்டெய்னர் எண்ணில் ஒரே ஓர் இலக்கம் மாறியதால் பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) திருத்தம் செய்ய வேண்டியதாயிற்று. மனதை ஒருமுகப்படுத்த என்ன வழி? தியானம் செய்தால் சரியாகுமா?"

தம்பி, தியானத்திலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது நாட்டின் அக்கவுன்டன்ட் ஜெனரல் பொறுப்பை ஏற்ற ஊ பா கின், கணக்கு வழக்குகளுக்கு நடுவிலேயே விபாசனா என்ற தியான முறையைக் கற்றுக் கொடுத்தவர். 1952இல் யாங்கோனிலேயே தியான மையம் நிறுவினார். மண்டலேயில் பிறந்து பின்னாளில் உலகமெங்கும் விபாசனாவைக் கொண்டு சென்ற கோயங்கா அவருடைய மாணவர்தான். ஆகவே செய்யுங்கள், நல்லது. ஆனால் அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். மனம் ஓடாமல் பிடித்து வை என்று யாரும் சொல்வதில்லை. ஓடும், ஓடியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்பு என்றுதான் சொல்கிறார்கள். திரும்புவதுதான் பயிற்சி.

உங்கள் மேசையில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மூச்சு எப்போதும் அதே இடத்தில் இருக்கிறது. எப்போது திரும்பினாலும் கிடைக்கும். நீங்கள் பாதியில் விட்ட பேக்கிங் லிஸ்ட் அப்படி இல்லை. திரும்பி வரும்போது அந்த இடம் தொலைந்திருக்கிறது. ஆகவே குறுக்கீடே இல்லாத நாளைத் தேடிப் பயனில்லை. ஏற்றுமதி அலுவலகத்தில் அப்படி ஒரு நாள் வராது. விட்ட இடத்தை உடனே கண்டுபிடிக்கும் ஏற்பாடுதான் உங்களுக்கு வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

ஒரு செட்டை எடுத்துப் பார்ப்போம். பத்து கன்டெய்னர் உளுந்து. ஒவ்வொன்றிலும் 50 கிலோ சாக்கு 480, அதாவது 24 டன். மொத்தம் 4,800 சாக்கு, 240 டன். இதற்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல்., இந்தியாவுக்கான ஃபார்ம் ஏஐ (சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்ற சான்று), ஃபைட்டோ (தாவர நோய், பூச்சி இல்லை என்ற அரசுச் சான்று), ஃபியூமிகேஷன் (பூச்சிகொல்லப் புகை போட்டதற்கான) சான்றிதழ் என்று ஆறு தாள். ஏழாவது கன்டெய்னரைச் சரிபார்க்கும்போது உங்கள் தலைக்குள் என்னென்ன நிற்கிறது? எந்த வரிசையில் இருக்கிறீர்கள், இந்த வரிசையில் கன்டெய்னர் எண் பார்த்தாயிற்று ஆனால் சீல் (கதவுக்குப் போடும் முத்திரைப் பூட்டு) எண் பார்க்கவில்லை, ஐந்தாவதில் சாக்கு 479 என்று இருந்ததே அதைக் குடோனில் கேட்க வேண்டும், வாங்குபவர் முகவரி இந்த முறை மாறியிருக்கிறது. நான்கு விஷயம். மனிதத் தலையில் ஒரே நேரத்தில் நிற்பது ஏறக்குறைய அவ்வளவுதான்.

இப்போது போன் அடிக்கிறது. பேசி முடித்துத் திரும்பினால் திரையில் ஏழாவது வரிசை அப்படியே இருக்கும். மற்ற மூன்றும் போயிருக்கும். இரண்டு வழிதான் மிச்சம்: முதலிலிருந்து பார்ப்பது, அல்லது "ஏழு பார்த்துவிட்டோம்" என்ற நினைப்பில் எட்டுக்குப் போவது. முதலாவது நேரத்தைத் தின்னும். இரண்டாவதில்தான் தப்பு நுழைகிறது. உங்கள் போன மாதத்து இலக்கமும் பெரும்பாலும் இப்படித்தான் நழுவியிருக்கும். தட்டச்சில் விரல் தவறியதைவிட, சரிபார்க்கும்போது அந்த வரிசை தாண்டப்பட்டதுதான் காரணமாக இருக்கும்.

ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. சோஃபி லெராய் என்பவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போகும்போது முந்தைய வேலை மனதில் எச்சமாக ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைக் கெடுப்பதைக் காட்டினார். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் குழு 2008இல் கண்டது இன்னும் முக்கியம். குறுக்கீட்டுக்கு ஆளானவர்கள் வேலையை மெதுவாக முடிக்கவில்லை, வேகமாகவே முடித்தார்கள். ஆனால் அவசரமும் எரிச்சலும் மன அழுத்தமும் கூடியிருந்தன. மாலை ஆறுக்கு நீங்கள் களைத்துப் போவதற்கான விளக்கம் இதில் இருக்கிறது. நீங்கள் சோம்பேறி இல்லை. நாள் முழுக்க ஓடி ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்.

சீட்டு

பாதியில் எழும் முன் ஒரு சீட்டு எழுதுங்கள். லெராய் பின்னர் தெரேசா குளோம்புடன் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் என்ன செய்வேன் என்று ஒரு நிமிடத்துக்குள் எழுதி வைத்தவர்களுக்கு, இடையில் வந்த வேலையிலும் கவனம் நன்றாக இருந்தது. காரணம் எளிது: எழுதி வைத்ததை மனம் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

பயன்படுத்திய ஏ4 தாளை நான்காகக் கிழித்து, ஒரு கட்டாகக் கிளிப் போட்டு, கீபோர்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பேனாவை நூலால் கட்டிவிடுங்கள். சொல்வதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும்; பேனாவைத் தேடும் ஐந்து விநாடியில்தான் சீட்டு எழுதும் பழக்கம் செத்துப் போகிறது. எழுத வேண்டியது மூன்று வரி:

"10:12. உளுந்து செட். 7, கன்டெய்னர் எண் சரி.
அடுத்தது: 7, சீல் எண்.
சந்தேகம்: 5இல் 479 சாக்கு, குடோன்."

முதல் வரி எங்கே இருக்கிறோம் என்பது. இரண்டாவது வரி கை செய்ய வேண்டிய அடுத்த செயல். "தொடர வேண்டும்" என்று எழுதினால் அது சீட்டு இல்லை. சீல் எண்ணைப் பார் என்று எழுத வேண்டும். மூன்றாவது வரிதான் அதிகம் காப்பாற்றும். சந்தேகங்கள் தலையில் மட்டுமே இருப்பவை, எந்தத் தாளிலும் பதிவாகாதவை. அவை போனால் போனதுதான்.

போன் அடித்துக்கொண்டிருக்கும்போது எழுத முடியுமா என்று தோன்றும். முடியும். மூன்று வரிக்குப் பதினைந்து விநாடி போதும். போன் அதற்கு மேல் அடிக்கும். ஆள் நேரில் வந்து நின்றால் "ஒரு நிமிஷம், இந்த வரியை எழுதிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். கை எழுதுவதைப் பார்த்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. திரையைப் பார்த்தபடி "ஒரு நிமிஷம்" என்று சொல்வதுதான் எதிரே நிற்பவரைச் சுடுகிறது.

திரும்பி வந்ததும் மின்னஞ்சலைத் திறக்காதீர்கள். சீட்டைப் படித்து, இரண்டாவது வரியைச் செய்து, சீட்டின் மேல் ஒரு கோடு போடுங்கள். தேதி வரிசையில் ஒரு வாரச் சீட்டுகளைச் சேர்த்து வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு: யாரால், எதனால், எத்தனை மணிக்கு வேலை அறுபடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பின்னால் முதலாளியிடம் பேசும்போது இது தேவைப்படும்.

எங்கே நிறுத்துவது

இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்ற பொமொடோரோ முறையைப் பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இத்தாலியர் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உண்டாக்கிய முறை அது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நல்ல முறைதான். உங்கள் வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மணி அடிக்கும்போது நீங்கள் ஒரு வரிசையின் நடுவில் இருப்பீர்கள். கடிகாரமே இன்னொரு குறுக்கீடாகிவிடும். கரும்பைக் கணுவில் வெட்டுவதுபோல, வேலையை அதன் கணுவில் நிறுத்துங்கள். ஒரு கன்டெய்னர் ஒரு கணு. ஒரு நெடுவரிசை முழுவதும் சரிபார்த்தது பெரிய கணு. எழுந்து தண்ணீர் குடிப்பது அங்கே.

சரிபார்க்கும் முறையையும் அதற்கேற்ப மாற்றுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு தாளை முழுதாகப் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறார்கள். அப்படிப் பார்த்தால் தாளுக்குள் எல்லாம் சரியாக இருக்கும். தாளுக்கும் தாளுக்கும் இடையில்தான் பொருந்தாமல் போகும். குறுக்காகப் பாருங்கள். வாங்குபவரின் பெயரும் முகவரியும் ஆறு தாளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? பிறகு கன்டெய்னர் எண்கள், அவை வரும் எல்லாத் தாளிலும். பிறகு சீல். பிறகு சாக்கு எண்ணிக்கை. பிறகு நிகர எடை, மொத்த எடை. கடைசியாக எச்.எஸ். குறியீடு (சுங்கத்துக்கான பொருள் எண்): உளுந்து 0713.31, துவரை 0713.60. பழைய துவரை பில்லைத் திறந்து உளுந்துக்கு மாற்றும்போது பெயர் மாறி, குறியீடு மாறாமல் நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு. இப்படிக் குறுக்காகப் பார்த்தால் ஆறேழு கணு தானாக அமையும். எந்தக் கணுவில் எழுந்தாலும் சீட்டில் "சீல் வரை முடிந்தது" என்ற ஒரு வரி போதும்.

கன்டெய்னர் எண்ணைப் பொறுத்தவரை உங்கள் கவனத்தையே நம்ப வேண்டாம், கணக்கு இருக்கிறது. அந்த எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் பெட்டிக்குள் தனியாக ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் மற்ற பத்தும் சரியா என்று சோதிப்பதற்காகவே வைக்கப்பட்டது. ஆங்கில எழுத்து ஏ-க்கு 10இல் தொடங்கி வரிசையாக மதிப்பு. 11, 22, 33 மூன்றையும் தாண்ட வேண்டும், ஆகவே பி-க்கு 12, கடைசி எழுத்துக்கு 38. முதல் இடத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், 4ஆல், 8ஆல் என்று இரட்டித்துக்கொண்டே போய், பத்தாவது இடத்தை 512ஆல் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த இலக்கம்; மீதி 10 என்றால் 0. எடுத்துக்காட்டாக சி.எஸ்.கியூ.யு. 305438 என்றால் கூட்டுத்தொகை 6185, மீதி 3, கடைசி இலக்கம் 3. எக்செலில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், எண்ணைப் போட்டதும் தப்பு இருந்தால் சிவப்பாகக் காட்டும். ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறினாலும் ஏறக்குறைய எப்போதும் மாட்டிவிடும். கணக்கு பிடிக்கக்கூடியதைக் கணக்கிடம் கொடுங்கள். கணக்குக்குத் தெரியாத சந்தேகங்களுக்கு உங்கள் கவனம் மிச்சமாகும். சீல் எண்ணுக்கு இந்தச் சோதனை கிடையாது. அதை ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் டிக் செய்வதுதான் வழி.

எட்டரையிலிருந்து பத்தரை

நம் கடிகாரம் இந்தியாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சென்னையில் புரோக்கர் பத்து மணிக்குக் கடை திறந்தால் இங்கே பதினொன்று. இங்கே வங்கியும் ஒன்பதரைக்குத்தான் திறக்கும். ஆக எட்டரையிலிருந்து பத்தரை வரை வெளியிலிருந்து உங்களிடம் நியாயமாகக் கேட்க வேண்டியவர்கள் மிகக் குறைவு. அந்த நேரத்தில் வரும் வைபர் செய்திகளில் பெரும்பகுதி யாங்கோனின் பயின்னவுங் மொத்தச் சந்தை விலை. அது வாங்கும் பிரிவுக்கான செய்தி. பி.எல். டிராஃப்ட் பார்ப்பவருக்கு உளுந்து இன்று ஏறியதா இறங்கியதா என்பது தேவையில்லை.

இந்த நாளின் மிகக் கனமான வேலையை இங்கே வையுங்கள், ஒன்றே ஒன்றை. முழு செட் சரிபார்ப்பு, அல்லது புது வாங்குபவரின் எல்.சி. (பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) நிபந்தனைகளைப் படிப்பது. மின்னஞ்சலுக்குப் பதில், ஃபைல் அடுக்குவது, ஸ்கேன் எல்லாம் பதினொன்றுக்கு மேல். அவை எத்தனை முறை அறுபட்டாலும் கெடாத வேலைகள். வங்கி சம்பந்தப்பட்டதை இரண்டு மணிக்குள் அனுப்பிவிடுங்கள். மூன்றுக்கு அவர்கள் மூடுவதால், இரண்டரைக்குக் கொண்டு போன தாளில் ஒரு கையெழுத்து விட்டிருந்தாலும் மறுநாள்தான்.

இங்கே பலரும் செய்யும் தவறு, முதல் நாளே இரண்டு மணி நேரத்தையும் காத்துக்கொள்ளப் பார்ப்பது. மூன்றாவது நாள் முதலாளி ஒருமுறை கூப்பிட்டதும் "இது நம் அலுவலகத்தில் நடக்காது" என்று விட்டுவிடுகிறார்கள். நாற்பது நிமிடத்தில் தொடங்குங்கள். இரண்டு வாரம் நிலைத்த பிறகு ஒரு மணி நேரமாக்குங்கள்.

போன்

வைபரை நிறுத்த முடியாது, நம் ஊரில் பாதி வியாபாரம் அதில்தான் நடக்கிறது. செய்யக்கூடியது: குழுக்கள் எல்லாவற்றையும் மியூட் செய்யுங்கள். செய்தி வரும், சத்தம் வராது. போனில் தொந்தரவு வேண்டாம் என்ற அமைப்பைப் போட்டு, முதலாளி, கப்பல் ஏஜென்ட், வீடு ஆகிய மூன்று எண்ணுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுங்கள். பிறகு போனை மேசையின் டிராயருக்குள் வையுங்கள். கவிழ்த்து மேசைமேல் வைப்பது போதாது. கை தானாகப் போகும், போனது உங்களுக்கே தெரியாது.

பார்க்கும் நேரம் பத்தரை, பன்னிரண்டு, இரண்டு, நாலரை. பார்க்கும்போது ஒரு விதி: வைபரில் வந்த ஆவணத்தை அப்போதே கணினியின் ஃபோல்டருக்கு மாற்றிப் பெயர் கொடுத்துவிடுங்கள். பில் எண், தாளின் பெயர், எத்தனையாவது டிராஃப்ட், இந்த வரிசையில். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு" என்ற பெயர்கள் வேண்டவே வேண்டாம். பழைய டிராஃப்டைத் திருத்தி அனுப்பிவிட்டு, மறுநாள் முழுவதும் அதைச் சரிசெய்வது இந்தத் தொழிலில் அடிக்கடி பார்க்கும் கொடுமை.

கரண்ட்

மின்வெட்டை நாம் நிறுத்த முடியாது. ஆனால் அது மற்ற குறுக்கீடுகளைப் போல இல்லை. பெரும்பாலும் முறை வைத்து வருகிறது. உங்கள் வட்டாரத்தின் முறையை வாரத் தொடக்கத்தில் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு உங்கள் வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள்: கரண்டும் இன்டர்நெட்டும் வேண்டியவை, லேப்டாப் பேட்டரி மட்டும் போதுமானவை, வெறும் தாளும் பேனாவும் போதுமானவை.

கரண்ட் இருக்கும் நேரத்தில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது பிரின்டர். நாளைக்குச் சரிபார்க்க வேண்டிய செட்டை இன்றே பிரின்ட் எடுத்து வையுங்கள். கரண்ட் போனதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்து, வரிசை வரிசையாகத் தாளில் பாருங்கள். இது வேறு வழியில்லாமல் செய்வது என்று நினைக்காதீர்கள். செட் சரிபார்க்கத் திரையைவிடத் தாள்தான் ஏற்றது: ஆறு தாளையும் ஒரே நேரத்தில் பரப்பி வைக்கலாம், ஸ்கேலுக்குக் கீழே இருக்கும் வரிசைக்குக் கண் தாவாது, பென்சில் டிக்கே விட்ட இடத்தைக் காட்டும். காலை எட்டரைக்கே கரண்ட் இல்லாத நாட்களில் உங்கள் அமைதியான இரண்டு மணி நேரம் வீணாகாமல் இருக்கவும் இதுதான் வழி.

மேசைக் கணினி என்றால் 650 வி.ஏ. யு.பி.எஸ். ஒரு கணினிக்கும் மானிட்டருக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், பேட்டரி புதிதாக இருந்தால். நம் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டில் அது ஒன்றிரண்டு நிமிடமாகச் சுருங்கிவிடும்; பெட்டியை மாற்ற வேண்டாம், உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். அதில் பிரின்டரை, குறிப்பாக லேசர் பிரின்டரை, மாட்டக் கூடாது. சூடாகும்போது அது இழுக்கும் கரண்டில் யு.பி.எஸ். விழுந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் வேலை தொடராதீர்கள். சேவ், சீட்டு, ஷட்டவுன்.

எக்செல் தானாகச் சேமிக்கும் இடைவெளி முதலில் பத்து நிமிடமாக இருக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் அதை இரண்டு நிமிடமாக்குங்கள். பத்து நிமிடத் தட்டச்சு போனால் எட்டுக் கன்டெய்னர் போயிற்று என்று பொருள். இன்டர்நெட் ரவுட்டருக்குத் தனியாகச் சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. ரவுட்டர் அதிகம் மின்சாரம் எடுக்காததால் பல மணி நேரம் ஓடும். இதை வாங்கச் சொல்லி முதலாளியிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

முதலாளி

தயக்கம் என்றதும் நம் ஊருக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொள்வதைப் பர்மியர் "ஆனாடே" என்பார்கள். இங்கே பிறந்து வளர்ந்த தமிழருக்கும் அது ரத்தத்தில் ஊறிப்போனது. அழகான குணம், மனிதரை மனிதராக நடத்தும் குணம். ஆனால் கூப்பிட்டவுடன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினால், செட்டில் தப்பு வந்து, முதலாளிக்கு அதைவிடப் பெரிய சங்கடத்தை நாமே உண்டாக்குகிறோம்.

மறுத்துப் பேச வேண்டியதில்லை. நிலையைச் சொல்லி, முடிவை அவரிடமே விடுங்கள்: "ஐயா, கையில் உளுந்து செட் இருக்கிறது, பதினொன்றுக்கு முடியும். அதை நிறுத்திவிட்டு இதைப் பார்க்கட்டுமா, முடித்துவிட்டு வரட்டுமா?" பல நேரம் "முடித்துவிட்டு வா" என்றுதான் பதில் வரும். சில முதலாளிகள் கூப்பிடுவதற்குக் காரணம் அவசரம் கிடையாது, மறந்துவிடுவோம் என்ற பயம். நினைத்தபோதே சொல்லிவிட வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு, பத்தரைக்கும் மூன்றுக்கும் நீங்களே நோட்டோடு அவர் அறைக்குப் போங்கள். அவர் சொல்வதை அவர் கண்முன் எழுதி, "இது இன்றைக்கு, இது நாளைக்கு" என்று படித்துக் காட்டுங்கள். எழுதப்பட்டதைப் பார்த்த பிறகு இடையில் கூப்பிடுவது குறையும். பத்து நாளாகியும் குறையாவிட்டால் சேர்த்து வைத்த சீட்டுக் கட்டைக் காட்டிப் பேசலாம், குறை சொல்லும் குரலில் இல்லாமல்: "இந்த வாரம் செட் பார்க்கும்போது இத்தனை தடவை எழ வேண்டி வந்தது ஐயா, பத்தரை வரைக்கும் மட்டும் விட்டுக் கொடுங்கள்."

எதை முதலில் எடுப்பது

கப்பல் புறப்படும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கப்பல் கம்பெனி பி.எல். விவரம் கேட்கும் கடைசி நேரம், அதற்கு முன் ஃபைட்டோவுக்கு விண்ணப்பம், அதற்கு முன் ஃபியூமிகேஷன் தேதி. ஒவ்வொரு செட்டின் மேலுறையிலும் இந்தத் தேதிகளைச் சிவப்பில் எழுதி, அருகில் இருக்கும் தேதி மேலே வருமாறு அடுக்குங்கள். யார் சத்தமாகக் கேட்டார்களோ அவர் வேலையை முதலில் எடுக்கும் பழக்கம் இதில் தானாக விடுபடும். அன்றைய தாளில் கனமான வேலை ஒன்று, சின்னது இரண்டு, அவ்வளவே. பத்து எழுதினால் ஐந்து மாலையில் மிஞ்சி, மறுநாள் காலையின் உற்சாகத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

உடம்பைப் பற்றி இரண்டே வார்த்தை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் மந்தம் எல்லோருக்கும் உண்டு. ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை எண் பார்க்கும் வேலை வைக்காதீர்கள், ஃபைல் அடுக்குங்கள். மாலை நாலு மணிக்கு மேல் கடைத் தேநீரைக் குறையுங்கள்: அதிலுள்ள காஃபீன் பாதியாகவே ஐந்து மணி நேரம் போல ஆகும், கெட்டுப்போன தூக்கம் மறுநாள் செட்டில்தான் தெரியும்.

ஆறு மணிக்குக் கிளம்பும் முன் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுக் கொடுக்காதீர்கள். நாளைக் காலை எட்டரைக்கு எடுக்க வேண்டிய செட்டை மேசை நடுவில் வைத்து, மேலே சீட்டு, அதன் மேல் ஸ்கேல். மற்ற எல்லாம் அலமாரிக்குள். காலையில் வந்து "எதைத் தொடங்கலாம்" என்று யோசிக்கும் இருபது நிமிடம்தான் அமைதியான நேரத்தில் முதலில் பறிபோவது.

புது உளுந்து வந்து குவியும் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலிருந்து திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறைக்கு முந்தைய நாள் வரை இதில் பாதி நடக்காது. எல்லாரும் விடுமுறைக்கு முன் கப்பலேற்றப் பார்ப்பார்கள், காலை நேரமும் கையை விட்டுப் போகும். அந்த வாரங்களில் மற்றதை விட்டுவிடலாம். மூன்று வரிச் சீட்டையும் குறுக்காகச் சரிபார்ப்பதையும் மட்டும் விடாதீர்கள். மீதியை விடுமுறை முடிந்து வந்ததும் மறுபடி நாற்பது நிமிடத்திலிருந்து தொடங்கலாம்.